கண்ணுக்குத் தப்பும் ஆட்டம்

கபடியில் பாடிச் செல்லும் ரைடருக்கு 30 விநாடி. அவர் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி வருவதற்குள் எதிரே இருக்கும் ஏழு பேரும் ஒரு கணம்கூட ஒரே இடத்தில் நிற்பதில்லை. இடது கார்னரில் இருப்பவர் கணுக்காலைக் குறிவைத்துத் தாழ்கிறார். அவர் கையைக் கோத்து நிற்பவர் ரைடரின் பார்வையைத் தன் பக்கம் இழுக்கிறார். கவரில் இருப்பவர், ரைடரின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று பார்த்தபடி அரை அடி முன்னேறுகிறார். போனஸ் கோட்டைத் தாண்டக் கால் நீண்ட மறுகணம் பிடி விழுகிறது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தெரிவது கடைசியில் கிடக்கும் ஆள்குவியல்தான். அந்தக் குவியலை வேறு வேறு கோணங்களில் மெதுவாகத் திரும்பக் காட்டுகிறார்கள். வர்ணனையாளர் ‘என்ன ஒரு பிடி!’ என்று கூவுகிறார். யார் யாரை எப்படி ஏமாற்றினார் என்பதைச் சொல்வதற்குள் அடுத்த ரைடு தொடங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தியாவில் தொலைக்காட்சியால் மறுபிறவி எடுத்த ஆட்டம் கபடி. 2014 ஜூலை 26ஆம் தேதி மும்பையில் புரோ கபடி லீக் தொடங்கியபோது, பள்ளி மைதானத்து மண்ணில் முட்டி தேய்த்த ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றுதான் பலரும் கேட்டார்கள். முதல் பருவத்தை 43.5 கோடிப் பேர் பார்த்ததாக அளவீடு சொன்னது. அந்த ஆண்டு ஐபிஎல்லுக்கு அடுத்த இடம் அதற்கு. மறு ஆண்டே அதை நடத்திய நிறுவனத்தில் 74 சதவீதப் பங்கை ஸ்டார் வாங்கியது. 2017இல் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு புதிய அணிகள் சேர்ந்து பன்னிரண்டு அணிகளாயின.

இது வெறும் விளம்பர பலத்தால் நடந்ததல்ல. ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றைத் தொலைக்காட்சி வெளியே எடுத்து வைத்தது. ஊர்க் கபடியில் ரைடின் நீளம் ஒரே மூச்சு. மூச்சு விட்டாரா, பாட்டு அறுந்ததா என்பது நடுவருக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் மட்டுமே தெரியும்; சண்டைகளில் பாதி அதில்தான் பிறக்கும். திரையில் 30 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் அந்த இரகசியம் எல்லோருக்கும் பொதுவானது. அடுத்தடுத்து இரண்டு ரைடுகள் வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையேல் ரைடர் வெளியே. இந்த ‘டூ ஆர் டை’ விதியால், புள்ளி ஏறாத நேரமும் பதற்றமுள்ள நேரமாயிற்று. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி என்ற விதி, தோற்றுக்கொண்டிருக்கும் அணியையும் பார்க்கவைத்தது. விதியை மாற்றியவர்களின் மனத்தில் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் இருந்தார்.

ஆனால் அந்த உழைப்பு கடிகாரத்தோடும் புள்ளியோடும் நின்றுவிட்டது. பிடியின் இலக்கணத்துக்கு அது போகவேயில்லை. கணுக்கால் பிடிக்கும் தொடைப்பிடிக்கும் என்ன வேறுபாடு, வலது கார்னர் இல்லாத அணியிடம் ரைடர் ஏன் அந்தப் பக்கமே போகிறார், ஆறு பேர் இருந்தால் கிடைக்கும் போனஸ் ஐந்து பேர் ஆனதும் ஏன் இல்லை என்பதெல்லாம் பார்வையாளர் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டியவையாகவே இருக்கின்றன. விளையாட்டுத் தொலைக்காட்சியை எப்படி மேம்படுத்துவது என்ற கேள்விக்கு நான் இந்த இடத்திலிருந்தே பதில் தேட விரும்புகிறேன். கேமராவின் எண்ணிக்கையோ திரையின் பளபளப்போ எனக்கு இரண்டாம் பட்சம். கண்ணுக்குத் தப்புவது எது, அதைக் காட்டினார்களா என்பதுதான் அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்து வரலாற்றைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளே இடம் கிடைக்காதவர்கள், அல்லது அப்போதுதான் உள்ளே நுழைந்தவர்கள். அமெரிக்காவில் 1960இல் ஏபிசி மூன்றாம் இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம். அங்கே ரூன் ஆர்லெட்ஜ் என்ற இளம் தயாரிப்பாளர், ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பார்ப்பவரை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள் என்ற பொருள்பட ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். கூட்டத்தின் முகம், பயிற்சியாளரின் கை, தோற்றவரின் தோள் எல்லாம் திரைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கருக்குக் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை மறுக்கப்பட்டது. 1977இல் அவர் தனியாகவே ஒரு போட்டித் தொடரை நடத்திவிட்டார். இரவு ஆட்டம், வண்ண உடை என்று அதன் ஆடம்பரங்கள் நமக்குத் தெரியும். அதைவிட முக்கியமானது மைதானத்தின் இரு முனைகளிலும் கேமரா வைத்தது. அதுவரை ஒரு முனையிலிருந்தே காட்டியதால், ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் மட்டையாளரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று கேட்டால் நம்பவே முடியாத இந்தக் குறையை, உரிமை கையில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் குறையாகவே நினைக்கவில்லை.

இங்கிலாந்தில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. பிபிசியிடம் நெடுங்காலம் இருந்த டெஸ்ட் கிரிக்கெட் 1999இல் சேனல் 4 கைக்குப் போனது. 1990களின் தொடக்கத்தில் நம் கபடியைப் பிரிட்டன் வீடுகளுக்குக் கொண்டுபோன அதே சேனல் 4தான். அவர்களிடம் பழக்கப்பட்ட குரல் இல்லை, பார்வையாளரும் இல்லை. பிபிசி வர்ணனையாளர் ரிச்சி பெனோவைக் கூடவே அழைத்துக்கொண்டார்கள். சைமன் ஹியூஸ் என்ற முன்னாள் வேகப்பந்து வீச்சாளரை ஒளிபரப்பு வண்டிக்குள் உட்காரவைத்து, ‘பகுப்பாய்வாளர்’ என்று பெயர் கொடுத்து, திரையை நிறுத்தி நிறுத்தி விளக்கச் சொன்னார்கள். பந்துவீச்சாளரின் மணிக்கட்டு எப்படிச் சாய்ந்தது, களத்தடுப்பு ஏன் ஒரு கஜம் நகர்ந்தது என்பதை அவர் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மட்டையின் விளிம்பில் பந்து உரசியதா என்று ஒலி அலையில் காட்டும் ஸ்னிக்கோமீட்டர் அங்கே வந்தது. 2001இல் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் ஹாக்-ஐ முதன்முதலாக வந்தது. பார்ப்பவருக்கு எல்பிடபிள்யூவைப் புரியவைக்கப் பிறந்த கருவி அது; பிற்பாடு நடுவரின் தீர்ப்பையே திருத்தும் கருவியானது. 2005 ஆஷஸ் தொடரோடு உரிமை அவர்கள் கையைவிட்டுப் போனது. அவர்கள் தொடங்கிவைத்தவை மட்டும் எல்லா ஒளிபரப்பிலும் தங்கிவிட்டன.

காட்டுவதெல்லாம் உதவி ஆகிவிடாது என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. 1996இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ், ஐஸ் ஹாக்கியில் வேகமாகச் சறுக்கும் சிறிய கறுப்பு வட்டுக்குள் மின்னணுக் கருவியைப் பொதித்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம் படரவிட்டது. பலமாக அடித்தால் சிவப்பு வால் நீளும். வட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாத புதியவருக்கு அது உதவியிருக்கலாம்; ஆட்டம் தெரிந்தவர்களுக்கு எரிச்சல்தான் மிச்சம். இரண்டே ஆண்டில் அது மறைந்தது. அந்தத் திட்டத்தை வழிநடத்திய ஸ்டான் ஹனி என்ற பொறியாளரும் கூட்டாளிகளும் வெளியே வந்து, 1998இல் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு மஞ்சள் கோடு வரைந்தார்கள். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் உயிர்விதி. எதுவரை போனால் போதும் என்பது திரையில் தெரியாமலேயே இருந்தது. ஆட்டக்காரர்களின் காலடியில், தரையிலேயே வரைந்ததுபோல் அந்தக் கோடு விழுந்தது. இன்றுவரை அது போகவில்லை. இரண்டும் ஒரே மூளையிலிருந்து வந்தவை. ஒளிவட்டம் கண்ணை ஒரே பொருளின்மேல் கட்டிப்போட்டது. கோடு மொத்த ஆட்டத்தையும் படிக்கவைத்தது. நம் கிரிக்கெட் திரையில் வெற்றிவாய்ப்பு சதவீதம், பந்தின் சுழற்சி எண்ணிக்கை, விளம்பரதாரர் பெயர் தாங்கிய ‘இன்றைய தருணம்’ என்று குவியும் எண்களை இந்த இரண்டு தட்டுகளில் பிரித்துப் பார்க்கலாம். என் கணக்கில் பெரும்பாலானவை ஒளிவட்டத்தின் தட்டில்தான் விழும்.

தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு கோடு உடனடியாகத் தேவைப்படும் இடம் மாற்றுத்திறனாளர் விளையாட்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அப்போது அந்தப் பிரிவின் பெயர் டி42. டோக்கியோவில் வெள்ளி வென்றபோது அது டி63 என்று அறிவிக்கப்பட்டது. முதலிடத்தில் வந்த அமெரிக்கரான சாம் க்ரூவுக்கு ஒரு கால் செயற்கைக் கால். மாரியப்பன் செயற்கைக் கால் இல்லாமல் தாண்டுகிறார். இருவரும் எப்படி ஒரே போட்டியில்? பார்த்தவர்கள் எல்லோருக்கும் எழுந்திருக்கக்கூடிய கேள்வி. விடை எளியது: 2018இல் வகைப்பாட்டைத் திருத்தி, செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களுக்கு 61 முதல் 64 வரை தனி எண்கள் கொடுத்தார்கள், உயரம் தாண்டுதலில் டி42, டி63 இரண்டையும் சேர்த்து நடத்துகிறார்கள். பாரிஸில் பாட்மின்டனில் துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாஸும் பதக்கம் வென்றது எஸ்யூ5 பிரிவில்; நித்யஸ்ரீ சிவன் வென்றது எஸ்ஹெச்6 பிரிவில். முன்னது கையில் குறைபாடு உள்ளவர்களுக்கு, பின்னது உயரக்குறைவு உள்ளவர்களுக்கு. செய்திகளில் இந்த எழுத்துகளும் எண்களும் பெரும்பாலும் விளக்கமில்லாமலே கடந்துபோயின. ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லை மட்டும் எண்ணி மாளாது.

2012 லண்டன் பாராலிம்பிக்கில் இதற்கும் ஒரு வழி செய்தார்கள், அதுவும் சேனல் 4தான். நீச்சலில் பாராலிம்பிக் தங்கம் வென்ற ஜைல்ஸ் லாங் உருவாக்கிய ‘லெக்ஸி’ என்ற வரைபட முறையை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். ஒரு மனித உருவம் திரையில் வரும். உடலின் எந்தப் பகுதி எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது நிறத்தால் தெரியும். இந்தப் பந்தயத்தில் இருப்பவர்களுக்குள் என்னென்ன வேறுபாடு என்பது சில விநாடிகளில் விளங்கிவிடும். அதன்பிறகு பார்ப்பவர் பரிதாபத்தை விட்டுவிட்டுப் பந்தயத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். இதைத் தமிழில் செய்யப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். பாராலிம்பிக் நடக்கும் நாட்களுக்கு முன்பே ஒரு சிறு குழு உட்கார்ந்து, தமிழகத்து வீரர்கள் போட்டியிடும் பிரிவுகளுக்கு மட்டும் வரைபடங்கள் தயாரித்தால் போதும்.

சதுரங்கத்தில் தப்பிப்போவது உடலின் அசைவு அல்ல, எண்ணம். மாமல்லபுரத்தில் 2022இல் ஒலிம்பியாட் நடத்திய மாநிலம் இது; பதினெட்டு வயதில் குகேஷ் உலக வாகையர் ஆனதைக் கொண்டாடிய நகரம் சென்னை. ஆனால் அந்தப் பட்டத்தைத் தந்த கணத்தை நாம் எப்படிப் பார்த்தோம்? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். 55ஆவது நகர்வில் எதிராளி டிங் லிரன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். திரையின் ஓரத்தில் கணினி வைத்திருக்கும் மதிப்பீட்டுப் பட்டை அந்த நொடியே சரிந்தது. இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். குகேஷுக்கு அது தெரிய இன்னும் சில விநாடிகள் இருந்தன. விடைத்தாளை முதலில் பார்த்துவிட்டுத் தேர்வறையை வேடிக்கை பார்ப்பது போன்ற இன்பம் அது. இன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் யானையை வெட்டுக்கொடுத்து, யானைகளும் மந்திரிகளும் நீங்கிவிட்டால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் அந்த இறுதியில் கறுப்பு ஏன் வெல்லும் என்பதைப் பட்டை சொல்லாது. சரிந்தது என்று மட்டும் சொல்லும்.

இதற்கு மாற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1970களின் நடுவில் பிபிசி 2 ‘தி மாஸ்டர் கேம்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆட்டம் முடிந்ததும் இரு வீரர்களையும் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு நகர்விலும் என்ன நினைத்தார்கள் என்பதை அப்போதுதான் நினைப்பதுபோலப் பேசச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். பலகையில் காய் நகரும்போது பின்னணியில் அவர்கள் மனம் பேசும். ‘இவன் என்ன செய்யப் பார்க்கிறான்? அந்தக் குதிரையை மறந்துவிட்டேனே’ என்ற தோரணையில். நார்வே செஸ் போட்டி 2015இல் இதையே நேரலைக்கு ஏற்றதாக மாற்றியது: ஆட்டத்தின் நடுவே வீரர் எழுந்து ஒரு சிறு அறைக்குள் போய், எதிராளிக்குக் கேட்காமல், கேமராவிடம் தன் பயத்தையும் திட்டத்தையும் சொல்லிவிட்டு வரலாம். அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, 2013இல் நம் சென்னையில் நடந்த ஆனந்த்–கார்ல்சன் போட்டியை நேரலையில் காட்டி, சதுரங்கத்தைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டிருந்தது. ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி, குகேஷ் என்று நான்கு தலைமுறைக்குப் போதுமான பெயர்கள் ஒரே நகரத்தில், அவர்களில் தமிழில் பேசக்கூடியவர்களும் இருக்கும்போது, தமிழில் ‘மாஸ்டர் கேம்’ போன்ற ஒன்று ஏன் இல்லை என்பது எனக்கு விளங்காத புதிர். முப்பது நிமிடம், ஒரு பலகை, இரண்டு குரல். இதைவிட மலிவான விளையாட்டு நிகழ்ச்சியை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

குரல் என்றதும் தமிழ் வர்ணனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வானொலியில் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றவர்கள் வளர்த்த வர்ணனைக்கு ஒரு நியாயம் இருந்தது: கேட்பவருக்குக் கண் கிடையாது. பந்து போன திசை, புல்லின் நிறம், மேகம் எல்லாவற்றையும் சொல்லால் கட்டவேண்டும். 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் தொடங்கிய பிறகு தமிழ்க் குரல் தொலைக்காட்சியில் நிரந்தரமானது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி போன்ற ஆடியவர்களும் ஆர்ஜே பாலாஜி போன்ற கலகலப்பானவர்களும் வந்தார்கள். ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்த வீடுகளில் சிரிப்பு கேட்டது. இது சிறிய சாதனை அல்ல. ஆனால் வானொலியிலிருந்து தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளக்கூடாத ஒன்றையும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்: இடைவிடாமல் பேசுவது. வானொலியில் மௌனம் என்றால் இணைப்பு அறுந்ததாக அர்த்தம். திரையில் அப்படியல்ல. படம் சொல்லாததைச் சொல்ல இருந்தால் பேசு, இல்லையென்றால் வாயை மூடு என்பதுதான் ரிச்சி பெனோ கடைப்பிடித்த வழி. நம் அரட்டையில் சினிமா வசனமும் பிரியாணிக் கதையும் ஓடிக்கொண்டிருக்கும்போது, களத்தடுப்பு மாறியதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு தயாரிப்பாளர் இதன் எல்லைக்கே போய்ப் பார்த்திருக்கிறார். 1980 டிசம்பர் 20, மயாமி. அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்றை என்பிசியின் டான் ஓல்மேயர் வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பினார். மைதானத்தில் கூடுதல் ஒலிவாங்கிகள், திரையில் கூடுதல் எழுத்து விவரங்கள், அவ்வளவுதான். அந்தப் பரிசோதனையை என்பிசி தொடரவில்லை. முழு மௌனம் தீர்வும் அல்ல. ஆனால் இன்று ஒரே படத்துக்குப் பல மொழி ஒலித்தடங்களைக் கொடுக்கும் செயலிகள் கையில் இருக்கின்றன. 2023 ஐபிஎல்லை இணையத்தில் பன்னிரண்டு மொழிகளில் கொடுத்தார்கள். அத்தனை தடங்களுக்கு நடுவே மைதானத்தின் ஒலி மட்டும் கேட்கும் தடம் ஒன்றை வைப்பதற்குச் சம்பளம் வாங்க ஆள்கூட வேண்டாம். தமிழிலேயே இரண்டு தடம் வைக்கலாம்: கலகலப்பு ஒன்று, நிதானம் ஒன்று. எதற்கு எத்தனை பேர் என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

ஏன் செய்யமாட்டார்கள் என்பதற்குப் பணக்கணக்கைப் பார்க்கவேண்டும். 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் உரிமை தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் சேர்த்து 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. 410 ஆட்டங்கள் என்ற கணக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. பந்து போடுவதற்கு முன்பே இவ்வளவு செலவழித்தவர், விளம்பரத்துக்கு இடம் தேடுவாரா, விளக்கத்துக்கு இடம் தேடுவாரா? 2009இல் இடைவேளையாக நுழைத்த ‘ஸ்ட்ராடஜிக் டைம் அவுட்’ முதலில் ஏழரை நிமிடம். ஆட்டத்தின் ஓட்டமே நின்றுபோகிறது என்ற கண்டனத்துக்குப் பிறகே அது இரண்டரை நிமிடத் துண்டுகளாயிற்று. ஓவரின் கடைசிப் பந்து எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் விளம்பரம் பாய்வதும், ஆட்டம் நடக்கும்போதே படம் சுருங்கி எல் வடிவத்தில் பற்பசை விரிவதும் நமக்குப் பழகிவிட்டன. பந்துக்கும் பந்துக்கும் இடையிலான நேரம்தான் கிரிக்கெட்டில் சிந்தனை நடக்கும் நேரம். களத்தடுப்பு மாறுவது, பந்துவீச்சாளரும் தலைவரும் பேசுவது, மட்டையாளர் இடைவெளிகளை எண்ணுவது எல்லாம் அப்போதுதான். விற்கப்பட்டது அந்த நேரம்.

இதைக் கட்டுப்படுத்த ஒருமுறை முயற்சி நடந்தது. 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வெளியிட்ட விதிமுறையில், நேரலை விளையாட்டின்போது ஆட்டம் இயல்பாக நிற்கும் வேளையில் மட்டுமே விளம்பரம் வரலாம், திரையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் விளம்பரம் கூடாது என்றெல்லாம் இருந்தது. ஒளிபரப்பாளர்கள் எதிர்த்தார்கள். 2013 திருத்தத்தில் அவையெல்லாம் போய், மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற மொத்த வரம்பு மட்டும் எஞ்சியது. அதுவும் வழக்கில் சிக்கியது. 2012இன் அந்த இரண்டு வரிகளை விளையாட்டுக்கு மட்டுமாவது மீட்டெடுப்பது, எந்தக் கேமராவையும்விட ஒளிபரப்பை மேம்படுத்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டி இருந்திருந்தால் சந்தையே இதைத் திருத்தும் என்று சொல்லலாம். 2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18உம் இணைந்த பிறகு, ஐபிஎல்லின் தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. பேக்கரும் சேனல் 4உம் ஏன் புதிதாக யோசித்தார்கள் என்று மேலே பார்த்தோம். பார்வையாளர் எப்படியும் வருவார் என்ற நிச்சயம் அவர்களுக்கு இல்லை. கிரிக்கெட் கையில் இருப்பவருக்கு இங்கே அந்த நிச்சயம் இருக்கிறது. ஆகவே அடுத்த நல்ல யோசனை கிரிக்கெட் இல்லாதவரிடமிருந்துதான் வரக்கூடும்.

அப்படி ஒருவர் இருக்கிறார், பொது ஒளிபரப்பு. 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற தகராறில்தான், அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூர்தர்ஷனின் ஏகபோகம் அதில் உடைந்தது. 2007 சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது. விளம்பர வருமானத்தில் 75 சதவீதம் உரிமையாளருக்கு, 25 சதவீதம் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே, தனியார் கேபிளுக்குப் போகக்கூடாது என்றது. மற்றவர் எடுத்த படத்தை வாங்கிப் போடுவதே விளையாட்டு ஒளிபரப்பு என்ற பழக்கத்துக்கு இந்தச் சட்டம் தூர்தர்ஷனைத் தள்ளிவிட்டது என்பேன். கேமரா வைத்து ஆட்டம் எடுக்கும் கை அதில் மரத்துப்போயிற்று.

2024 ஜனவரி 19ஆம் தேதி சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிய அதே மேடையில்தான், தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை புதுப்பிக்கப்பட்டு டிடி தமிழ் ஆனது. சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு நகரங்களில் போட்டிகள் நடந்தன. தமிழ்நாடு பதக்கப் பட்டியலில் இரண்டாவது. சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆண்டுதோறும் முதலமைச்சர் கோப்பை மாவட்டத்திலிருந்து மாநிலம்வரை நடக்கிறது. ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஒரு நிலையான நேரத்துக்குத்தான். 1964 ஆகஸ்டில் பிபிசி தொடங்கிய ‘மேட்ச் ஆஃப் தி டே’ இன்னும் நீடிப்பதற்குக் காரணம், சனிக்கிழமை இரவு என்றால் அது வரும் என்ற நம்பிக்கை. முழு ஆட்டமும் அதில் கிடையாது. ஆட்டத்தைச் சுருக்கி, கதையாகக் கோத்து, யார் எங்கே தவறினார் என்று ஆடியவர்கள் பேசுவார்கள்.

டிடி தமிழிலும் சனி இரவு ஒரு மணி நேரத்தை இப்படி ஒதுக்கலாம். ஒரு வாரம் வாலிபால், ஒரு வாரம் கபடி, ஒரு வாரம் ஹாக்கி, ஒரு வாரம் தடகளம். வாலிபாலுக்கு ஒரு கேமரா கடைக்கோட்டுக்குப் பின்னால், உயரத்தில் நிற்கவேண்டும். செட்டர் பந்தை யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று எதிரணியின் தடுப்பாளர்கள் ஊகிப்பது பக்கவாட்டிலிருந்து தெரியாது. ஹாக்கியில் பெனால்டி கார்னர் ஒன்றை எடுத்து, பந்தைத் தள்ளிவிடுபவர், நிறுத்துபவர், இழுத்து வீசுபவர், கோட்டுக்குப் பின்னாலிருந்து பாயும் ஐந்து தடுப்பாளர்கள் என்று பிரித்துக் காட்டினால், ஹாக்கியில் ஊறிய கோவில்பட்டிக்காரர்கள் அறிந்திருப்பதை மற்றவர்களும் அறிவார்கள். விளக்குவதற்கு நட்சத்திரம் தேவையில்லை. ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்கள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ‘முழங்காலை மடக்குடா’ என்று சொல்லிச் சொல்லியே, எந்த அசைவு எதற்கு என்பதை நாலு சொல்லில் சொல்லப் பழகியவர்கள். பெண் பயிற்சியாளர்களும் அவர்களில் உண்டு; தமிழ் வர்ணனை அறையில் அவர்கள் குரல் கேட்பது அரிது.

இன்னொன்று பதிவு. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் விழுந்த நிலையில் கபில்தேவ் 175 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு கிடையாது. உலகக் கோப்பைக்கே இந்தக் கதி என்றால், மாவட்ட வாலிபால் இறுதிப் போட்டியைப் பற்றிச் சொல்லவேண்டாம். அரசுப் பணத்தில் நடக்கும் எந்தப் போட்டியையும் ஒளிபரப்பக் கொடுக்கும்போது, முழுப் பதிவையும் பாதுகாத்து, ஆறு மாதத்துக்குள் பள்ளிகளுக்கும் விடுதிப் பயிற்சியாளர்களுக்கும் இலவசமாகத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்கலாம். விளம்பரம் சுருக்காத படமாக, வர்ணனை இல்லாத ஒலித்தடத்தோடு.